நன்று, சுமார், மோசம்

ஜூலை 1, திங்கள்

வண்டி வந்துவிட்டது. வெளிர்நீல நிறம், பேட்டரி ஸ்கூட்டர். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் அதைச் சுற்றி எட்டுப் பெண்களும் நின்று தடவித் தடவிப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர்கள் இவர்கள்தான். காலை ஆறு மணிக்கே அவரவர் பெட்ரோல் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பித் திருச்சி முழுக்கச் சுற்றுகிறார்கள். நிலையத்தின் சார்பில் எட்டுப் பேருக்கும் பேட்டரி வண்டி வாங்கித் தருவது என்று டாக்டர் ஃபிலோமினா தீர்மானித்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒன்றை இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பதற்காக விற்பனையாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

"யார் ஓட்டிப் பாக்கறது?" என்றார் டாக்டர். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பிள் எல்லாம் நேரத்துக்கு வந்தாக வேண்டும். பழகாத வண்டியை நம்பி யார் போவார்கள்?

"அப்ப தணிகாசலம் சார்தான். தினம் உறையூர்லேர்ந்து வந்துட்டுப் போறாரு. ட்ராஃபிக், பாலம், மழை எல்லாம் பாத்துரலாம்."

நான் இங்கே நிர்வாக மேலாளர். வயது ஐம்பத்திரண்டு. எட்டுப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கையில் என் வாய் "பாத்துரலாம் மேடம்" என்று சொல்லிவிட்டது. வண்டியை வீட்டிலேயே கொண்டுவந்து விடும்படி விற்பனையாளரின் ஆளிடம் தனியாகச் சொன்னேன்.

டாக்டர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். பிரேக், சீட், வளைவு, மேடு, மழை, சார்ஜ் என்று இருபத்திரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம்: நன்று, சுமார், மோசம். அடியில் 'ஓட்டிப் பார்த்தவர் கையெழுத்து'. படிவம் டாக்டருக்கு, இந்த நோட்டு எனக்கு. அதனால் இதிலாவது எழுதிவிடுகிறேன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

ஜூலை 2, செவ்வாய்

சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். கல்யாணமான புதிதில் மைத்துனன் மொபெட்டை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அது பாட்டுக்குப் போனது. திருகின கையை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நேராகப் போய் இளநீர் வண்டியில் முட்டினேன். தெருவே சிரித்தது. மாமனார் வீட்டுத் தெரு வேறு. அதற்குப் பிறகு நான் எந்த வண்டியையும் தொடவில்லை.

அரசி ஓட்டுவாள். முழுப்பெயர் மங்கையர்க்கரசி, தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகர். முப்பது வயதில் தானாகக் கற்றுக்கொண்டாள். பதினேழு வருடமாகக் காலையில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போகிறாள். ஆபீஸ் வாசல் வரைக்கும் இல்லை. மெயின் ரோட்டு முக்கில், டயர் கடைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்வேன். நிலையத்தில் எல்லோரும் நான் பஸ்ஸில் வருவதாக நினைக்கிறார்கள். அரசியிடம், "முக்குலயே எறக்கி விட்டுரு, நீ திரும்பறதுக்கு வசதி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி, நான் ஓட்டறேன். எப்படி இருக்குன்னு சொல்றேன். நீங்க எழுதிக்குங்க" என்றாள்.

ஜூலை 3, புதன்

இன்றைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது, அது வேறு விஷயம்.

மெயின் ரோட்டு முக்கிலிருந்து எங்கள் நிலையம் வரை தெரு இறக்கம். அரசி முக்கில் இறங்கிக்கொண்டாள். நான் முன்னால் ஏறி உட்கார்ந்து, சாவியை அணைத்துவிட்டு, காலால் ஓர் உந்து உந்தினேன். வண்டி தானாக உருண்டு இறங்கியது. சைக்கிள் மாதிரிதான். கேட்டுக்குள் நுழைந்து பிரேக் பிடித்து நிறுத்தினேன். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இஞ்சின் ஓடவில்லை என்று வாட்ச்மேனுக்கே தெரிந்திருக்கும். இதில் ஓடினாலும் சத்தமில்லை, ஓடாவிட்டாலும் சத்தமில்லை.

"சத்தமே இல்ல சார், பூ மாதிரி வந்து நிக்கறீங்க" என்றாள் மெகர்.

மெகருன்னிசா எட்டுப் பேரில் மூத்தவள். பதினோரு வருடமாக இந்த வேலை. குள்ளமான உருவம்; பிடிவாதக்காரி. அவள் குத்தினால் கைக்குழந்தைகூட அழாது என்று வாடிக்கையாளர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

சாயங்காலம் எல்லோரும் போகும்வரை ஃபைல் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு போனேன். அரசி முக்கில் காத்திருந்தாள். தென்னூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். காலையிலும் இங்கிருந்து பஸ்ஸில்தான் போயிருக்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

போக வர இருபத்தாறு கிலோமீட்டர், சுற்று வழியில். சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சம். அரசிக்குப் பள்ளிக்கூடத்தில் லேட் மார்க் விழுந்திருக்கிறது.

ஜூலை 6, சனி

ரயில்வே மேம்பாலத்தில் இன்றைக்கு நல்ல நெரிசல். மேட்டின் நடுவில் நின்று நின்று போனோம். வீட்டுக்கு வந்ததும் அரசி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இத எழுதிக்குங்க. மேட்டுல நின்னுட்டுக் கெளம்பறப்ப பின்னாடி உருளுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கால ஊனிக்கிட்டேன். நம்ம பழைய வண்டில பிரேக்கப் புடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரத் திருகலாம். இழுவை வந்தப்பறம் பிரேக்க விட்டா அலுங்காம ஏறும். எல்லாரும் அப்படித்தான் கெளம்புவோம். இதுல பிரேக்கத் தொட்டாலே மோட்டார் நின்னுருது. பிரேக்க விட்டு, அப்பறம் திருகி, அது வர்றதுக்குள்ள ஒரு நொடி ஆகுது. அந்த ஒரு நொடியில வண்டி பின்னால வருது."

"ஒரு நொடிதானே."

"பின்னாடி ஐஸ் பெட்டி இருந்து, ஓட்டறவங்களுக்குக் காலும் எட்டலைன்னா அந்த ஒரு நொடி போதும்."

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்காவது வரி: 'மேட்டில் நின்று புறப்படுதல்'. மோசம் என்ற கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். மோசம் என்று போட்டால் டாக்டர் கூப்பிடுவார். எப்படி மோசம், எங்கே, காட்டுங்கள் என்பார். தெருவே மேடு, அங்கேயே காட்டச் சொல்வார். எட்டுப் பெண்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள். சுமார் என்று போட்டாலும் கேள்வி வரும். நன்று என்று எழுதினால் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த வரியை நிரப்பாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

அரசியின் பள்ளி மைதானத்தில் நானே ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. யாருமில்லை. "மெதுவாத் திருகுங்க, பயமா இருந்தா கைய விட்டுருங்க, அவ்வளவுதான்" என்றாள். திருகினேன். வண்டி கிளம்பியது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அரசி பின்னாலேயே ஓடிவந்து சீட்டின் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். வேப்பமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றேன்.

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். அவள் மூச்சு வாங்க நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. 

ஜூலை 9, செவ்வாய்

மதியம் மெகர் என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு சீட்டு, அதில் வரிசையாகக் கேள்விகள். எட்டுப் பேருக்கும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், பள்ளத்துல இறங்குனா பெட்டி ரொம்பக் குலுங்குதா?"

அரசி சொன்னது ஞாபகம் இருந்தது. "இல்லம்மா. ஸ்பீடு பிரேக்கர்ல மட்டும் மெதுவாப் போகணும்."

"மழைத் தண்ணில போகுதா சார்?"

"கணுக்கால் அளவு வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"மேட்டுல நின்னு கெளம்பறப்ப எப்படி சார்? நான் டெய்லி அந்த ரயில்வே பாலத்துல ரெண்டு தடவயாவது நிப்பேன்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. 'கொஞ்சம் உருளுதும்மா' என்று சொன்னால், 'அப்ப நீங்க எப்படி சார் சமாளிக்கறீங்க' என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற ஆள் கிடையாது.

"அதெல்லாம் பிரச்சினையே இல்ல. நல்லாப் போகுது" என்றேன்.

அவள் சீட்டில் அதற்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 11, வியாழன்

மழை. அரசி நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ரெயின்கோட் என்னிடம் இருந்தது. தெருவில் உருண்டு இறங்குகையில் அது எனக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆனாலும் கழற்றிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் மழையில் ரெயின்கோட் இல்லாமல் வந்து இறங்குகிற ஆள் வண்டியில் வந்தவன் மாதிரியே இருக்க மாட்டான். இப்படியெல்லாம் கணக்காக யோசிக்கத் தெரிகிறது எனக்கு.

ஜூலை 12, வெள்ளி

அரசிக்கு ஜலதோஷம். கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். இருபது நன்று, இரண்டு சுமார். ஹாரன் சத்தத்துக்கும் பக்கக் கண்ணாடிக்கும் சுமார் போட்டேன், உண்மையாகப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கட்டும் என்று. பதினான்காவது வரியில் நன்று.

"ஒங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு சார்" என்றார் டாக்டர். "திங்கட்கிழமை மெகர் இத ஒரு நாள் பெட்டியோட எடுத்துட்டுப் போகட்டும். செவ்வாய்க்கிழமை ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுர்றேன். புதன்கிழமை ஆடி பொறக்குது; அதுக்கப்பறம் புது வண்டி வேணாங்கறாங்க பொண்ணுங்க."

சாயங்காலம் அரசி கேட்டாள். "மேட்டு விஷயத்த எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. எழுதத்தான் செய்தேன்.

ஜூலை 15, திங்கள்

மெகர் விழுந்துவிட்டாள்.

காலை எட்டரை மணிக்கு ரயில்வே மேம்பாலம். மேட்டின் நடுவில் வண்டிகள் நின்றிருக்கின்றன. முன்னாலிருந்த பஸ் நகர்ந்ததும் இவள் வழக்கம்போல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திருகியிருக்கிறாள். வரவில்லை. பிரேக்கை விட்டிருக்கிறாள். பின்னால் உருண்டிருக்கிறது. காலை ஊன்றப் பார்த்திருக்கிறாள், நுனிவிரல்தான் எட்டியிருக்கிறது. ஐஸ் பெட்டியின் கனம் ஒரு பக்கமாக இழுத்துச் சாய்த்துவிட்டது. பின்னால் வந்த கார்க்காரன் பிரேக் போட்டதால் உயிர் தப்பினாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. பெட்டியிலிருந்த ஒன்பது பேருடைய ரத்தமும் ரோட்டில் கொட்டிப்போயிற்று. அதில் ஒன்று பிறந்து இருபது நாள் ஆன குழந்தையுடையது. அந்தக் குழந்தையை மறுபடி குத்த வேறு பெண் போனாள். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு டாக்டரோடு நானும் போனேன். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெகர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள்.

"சாரி சார். நீங்க ரெண்டு வாரம் ஓட்டுனீங்க, ஒரு கீறல் விழல. நான் ஒரே நாள்ல போட்டு ஒடச்சிட்டேன்."

நான் "பரவால்லம்மா" என்றேன். அவளைப் பார்த்து "பரவாயில்லை" என்றேன். இந்த வரியை எழுதவே கை கூசுகிறது.

திரும்பும்போது டாக்டர், "வண்டில தப்பில்ல, நீங்கதான் ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்தீங்களே. பாவம், ரொம்பப் பயந்துட்டா. இனிமே வண்டியே வேணாம்னு சொல்றா. ரிசப்ஷன்ல உக்கார வச்சுருவோம்" என்றார். பதினோரு வருடம் ஊசி பிடித்த கை. டோக்கன் கொடுக்கப்போகிறது.

வீட்டுக்கு வந்து அரசியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சொன்னத நீங்க எழுதலயா?"

படிவத்தின் நகல் என் பையில் இருந்தது. அவளே எடுத்துப் பார்த்தாள். பதினான்காவது வரியில் விரலை வைத்தாள். என் அழகான கையெழுத்து.

"முக்குல எறங்கிக்கறது நான் திரும்பறதுக்கு வசதின்னு நம்பினேன்னா நெனச்சீங்க?" என்றாள். குரல் உயரவேயில்லை. "பதினேழு வருஷமாத் தெரியும். பொண்டாட்டிக்குப் பின்னாடி உக்காந்து வர்றத யாரும் பாத்துரக் கூடாது. சரி, ஆம்பளைக்கு ஒரு வீம்புன்னு விட்டுட்டேன். அதுல என் மனசு மட்டுந்தான் கஷ்டப்பட்டுச்சு. இதுல அந்தப் பொண்ணு கை ஒடஞ்சிருக்கு."

படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். சாதம் போட்டாள்.  இத்தனை வருடமும் அவள் அந்த டயர் கடை முக்கில் வண்டியை நிறுத்துகையில் என்ன நினைத்திருப்பாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

எட்டு வண்டிக்கான ஆர்டர் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியவன் நான்தான். செய்தேன். 'எமது நிர்வாக மேலாளர் இரு வாரம் ஓட்டிப் பார்த்து அளித்த அறிக்கையின்படி' என்று வருகிற இடத்தில் கை நின்றுவிட்டது. பிறகு அதையும் அடித்து முடித்து, எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அந்தக் கதவைத் திறக்கிற வரை நான் சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இறக்கத்தில் உருண்டு வந்தது, சாயங்காலம் தள்ளிக்கொண்டு போனது, எல்லாம். அவர் சிரித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப ஓட்டுனது யாரு?"

"என் மனைவி."

"அவங்க இந்த மேட்டு விஷயம் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"முதல் வாரமே சொன்னா. தெளிவாச் சொன்னா. நான் எழுதல. எழுதினா நீங்க ஓட்டிக் காட்டச் சொல்வீங்கன்னு பயம்."

டாக்டர் பேனாவை மூடினார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன். கடிதத்தை மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"மெகர் அவ மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருக்கா. நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. போன்ல வேணாம். அதுக்கப்பறம் மத்தத பேசலாம்" என்றார்.

ஜூலை 17, புதன்

மெகர் வீடு பாலக்கரையில். அரசியும் வந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. "நானும் வர்றேன்" என்று அவளே சொன்னாள். எங்கள் பழைய வண்டியில் போனோம்.

மெகர் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார்கள். அவளே எழுந்துபோய் ஒற்றைக் கையால் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

"ஒங்க பேரையும் கெடுத்துட்டேன் சார்."

"மெகர், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த ரெண்டு வாரமும் ஓட்டுனது இவங்கதான்."

அவள் லேசாகச் சிரித்தாள். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறவளிடம் என்ன செய்வது? திரும்பவும் சொன்னேன். "தேத்தறதுக்கு இல்லம்மா. வண்டி மேட்டுல உருளும்னு எனக்குத் தெரியும். நீ என் மேஜைகிட்ட வந்து கேட்டியே, அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் நல்லாப் போகுதுன்னு சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது. என்னை விட்டு அரசியிடம் திரும்பினாள்.

"அக்கா, ஒங்களுக்கும் உருண்டுச்சா?"

"மூணு தடவ. முதத் தடவ எனக்கு உயிரே போயிருச்சு."

"பிரேக்க விட்டதும்தானே?"

"ஆமா. புடிச்சிருக்கற வரைக்கும் நீ எவ்வளவு திருகினாலும் மோட்டார் வராது."

"நான் திருகினேங்க்கா. நல்லாத் திருகினேன். சரி, நம்மதான் பதட்டத்துல திருகலையோன்னு நெனச்சுட்டேன்."

"நீ திருகியிருப்ப. வண்டிதான் வரல. எனக்குக் கால் எட்டுச்சு, ஒனக்கு எட்டல, அவ்வளவுதான் வித்தியாசம்."

மெகர் நல்ல கையை நீட்டி, இல்லாத பிரேக்கைப் பிடித்து விட்டு, மணிக்கட்டை மடக்கிக் காட்டினாள். இப்படியா என்றாள். அரசியும் தன் கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள்.  டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று மெகர் அழுதாள். அரசி அவள் தோளில் கை வைத்தாள்.

"மூணு நாளா அம்மாகிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்தேங்க்கா. பதினோரு வருஷமா ஓட்டறேன், எனக்கு ஓட்டவே தெரியலம்மான்னு. ராத்திரி கண்ண மூடுனா அந்தப் பச்சப்புள்ள மூஞ்சிதான் வருது."

அப்போது அவள் அம்மா கடையிலிருந்து வந்தார்கள். மகள் அழுவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"அம்மா, நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன். தப்பு என் மேல இல்லயாம்" என்றாள் மெகர்.

"யாரு சொன்னா?"

"இந்த அக்கா."

அந்த அம்மாள் அரசியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். மரியாதையான குரலில், "நீங்கதான் அந்த வண்டிய ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்த சாரா?" என்றார்கள்.

"இல்லம்மா. நான் பின்னாடி உக்காந்திருந்தவன்" என்றேன்.

அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தார்கள். மெகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் சொல்றேம்மா" என்றாள். நாங்கள் கிளம்பும்போது அரசியைத்தான் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.